துவக்குக்கு மூன்று கால்

சென்ற கார்த்திகை மாதத்தில் ஓர் இரவு, கனடாவிலிருந்து என் பெறாமகன் தொலைபேசியில் அழைத்தான். ஒன்ராறியோ மாகாணத்தில் முறைப்படி அனுமதிப்பத்திரம் பெற்று, ஆண்டுக்கொரு தடவை மான் வேட்டைக்குச் செல்பவன் அவன். வழமையான உற்சாகம் அன்று அவன் குரலில் இருக்கவில்லை.

"சித்தப்பா, மான் விழேல்லை. பட்ட காயத்தோட காட்டுக்குள்ள ஓடிட்டுது. இருட்டுமட்டும் தேடியும் கிடைக்கேல்லை" என்றான். சிறிது நேரம் கழித்துக் காரணத்தையும் அவனே சொன்னான். "துவக்கு வைச்ச ஸ்டாண்ட் ஆடிப்போட்டுது. நல்ல ட்ரைபொட் வாங்கிறதெண்டால் என்னத்தைப் பார்க்கோணும்? நீங்கள் படப்பிடிப்பாளரோட திரிஞ்ச ஆள்தானே, சொல்லுங்கோ."

வேட்டையில் எனக்கு நாட்டமில்லை. துவக்கு என்ற சொல்லே எமது தலைமுறைக்கு வேறு நினைவுகளைத் தருவது. ஆயினும் பல ஆண்டுகள் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்களுடன் அலைந்தவன் என்ற வகையில் முக்காலிகளைப் பற்றி ஓரளவு அறிவேன். பழைய வேட்டை நூல்களை வாசிக்கும் பழக்கமும் உண்டு. அவனுக்கு நான் சொன்ன பதிலையும், அந்தப் பதிலைத் தேடியபோது எதிர்ப்பட்ட வரலாற்றையும் இங்கே பதிவு செய்கிறேன். துவக்குக்குக் கொடுக்கப்பட்ட தாங்குகால் ஒரு சிறிய பொருள்தான். ஆனால் அது இரக்கத்துக்கும் உதவியிருக்கிறது, பேரழிவுக்கும் உதவியிருக்கிறது.

முதலில், தாங்குகால் எதற்காகத் தேவைப்படுகிறது என்பதைப் பார்ப்போம். மனிதனின் கை ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை. மூச்சு, நாடித்துடிப்பு, தசைகளின் களைப்பு ஆகிய மூன்றும் அதை அசைத்துக்கொண்டே இருக்கும். துவக்கின் சோங்கு தோளில் பதிந்திருக்க, ஒரு மீற்றர் தள்ளியிருக்கும் குழலின் முனை ஒரேயொரு மில்லிமீற்றர் விலகினால், 200 மீற்றருக்கு அப்பால் சன்னம் 20 சென்ரிமீற்றர் விலகிவிடும். ஒரு மானின் இதயமும் நுரையீரலும் அமைந்துள்ள இடத்தின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். சில நொடிகளில் உயிர் பிரியும் மானுக்கும், குடல் கிழிந்து பற்றைக்குள் கிடந்து மெல்ல மெல்லச் சாகும் மானுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அந்த ஒரு மில்லிமீற்றர்தான்.

மூன்று கால் ஏன் என்பதை விளக்கப் பெரிய கேத்திரகணிதம் தேவையில்லை. நான்கு கால் மேசை சமனற்ற தரையில் ஆடும். மூன்று கால்கள் எந்த மேடுபள்ளத்திலும் ஒன்றாகப் பதிந்து நிற்கும். எங்கள் பாட்டிமார் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியதும் இதை அறிந்துதான். ஆனால் துவக்குக்கு முதலில் கிடைத்தது மூன்று கால் அல்ல, ஒரு கால்.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியப் படைகள் பயன்படுத்திய மஸ்கட் என்ற கனத்த திரித்துவக்கு ஏறக்குறைய 8 அல்லது 9 கிலோகிராம் நிறையுடையது. அதைத் தோளில் வைத்து நெடுநேரம் ஏந்துவது பலசாலிக்கும் இயலாத காரியம். ஆகவே, தலைப்பகுதியில் கவை கொண்ட ஒரு கோலைத் தரையில் ஊன்றி, அதன் மேல் குழலை வைத்துச் சுட்டார்கள். 1607 இல் ஒல்லாந்தில் வெளியான ஜேக்கப் டி ஹெய்னின் படைப்பயிற்சி நூல், இந்தக் கவைக்கோலை எப்படிக் கையாள வேண்டும் என்பதைப் படம் படமாக விளக்குகிறது. இடது கையிலேயே துவக்கையும் கவைக்கோலையும் எரியும் திரியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் வெடிமருந்து இட வேண்டும். அந்தப் படங்களைப் பார்க்கும்போது, எதிரியைவிடத் தன் கையிலுள்ள திரிக்கே அந்தப் போர்வீரன் அதிகம் அஞ்சியிருப்பான் என்று தோன்றுகிறது.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை நெருங்கியபோது துவக்குகள் இலேசாகின. கவைக்கோலும் படைகளிலிருந்து மறைந்தது. இங்கு கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. உட்புறம் வழவழப்பான குழல் கொண்ட அந்தத் துவக்குகள் நூறு மீற்றருக்கு அப்பால் ஒரு தனி மனிதனைக் குறிவைத்துச் சுடுவதற்கு ஏற்றவை அல்ல. எனவே கவைக்கோல் குறி பார்ப்பதற்காக வந்ததன்று, பாரம் தாங்குவதற்காகவே வந்தது. பாரம் குறைந்ததும் அதன் தேவையும் நீங்கியது.

குறிக்காகத் தாங்குகாலைப் போற்றியவர்கள் வேட்டைக்காரர்களே. திபெத்திய மேட்டுநிலத்து மக்கள் தமது திரித்துவக்கின் முன்பகுதியில், கீல் போட்ட இரண்டு மான்கொம்புகளைப் பொருத்திக்கொண்டார்கள். பயணத்தின்போது அவை குழலோடு மடிந்து கிடக்கும். வேட்டையின்போது அவற்றை விரித்துத் தரையில் ஊன்றிச் சுடுவார்கள். மரங்கள் அருகிய அந்தத் திறந்த வெளியில் மிருகத்தை நெருங்குவது கடினம். தொலைவிலிருந்து சுட வேண்டியிருந்ததால், மிருகத்தின் கொம்பே மிருகத்தை வீழ்த்தும் கருவிக்குக் காலாகியது.

இலங்கையிலும் காலூன்றிய துவக்கு ஒன்று இருந்தது. அதுதான் கண்டி இராச்சியத்தின் கொடித்துவக்கு. துருக்கியரின் 'துஃபெக்' என்ற சொல்லே நம்மிடம் துப்பாக்கி என்றும் துவக்கு என்றும் வழங்குகிறது. சிங்களத்திலும் அது துவக்குவ ஆகியது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஒல்லாந்துப் பயணி லின்ஸ்கோட்டன், இலங்கைக் கம்மியர் செய்த துவக்குக் குழல்களைப் பெரிதும் புகழ்ந்திருக்கிறார். கொடித்துவக்கு என்பது சிறு பீரங்கி போன்றது. முன்புறம் இரண்டு மரக்கால்கள், பின்புறம் தரையில் ஊன்றும் மரக்கட்டை என மூன்று இடங்களில் அது நிலத்தைத் தொட்டு நிற்கும். அந்தத் தோற்றத்தினால் ஐரோப்பியர் அதனை வெட்டுக்கிளிப் பீரங்கி என்று அழைத்தனர். சில்லுப் பூட்டிய பீரங்கிகளை இழுத்துச் செல்ல முடியாத மலைப்பாதைகளில், ஆட்கள் தோளில் சுமந்து சென்று, நினைத்த இடத்தில் இறக்கி வைத்துச் சுடக்கூடியதாக இருந்ததே அதன் சிறப்பு. நிலத்துக்கேற்ற கால் என்ற பாடத்தைக் கண்டிக் கம்மியர் தெளிவாகவே அறிந்திருந்தனர்.

அதே மலைநாட்டுக்கு 19ஆம் நூற்றாண்டில் வந்த பிரித்தானிய வேட்டைக்காரர்கள் தாங்குகாலைத் தேடவில்லை. நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கர், இலங்கை வேட்டை அனுபவங்களைத் தனி நூலாகவே எழுதியவர். அவர் ஏந்திய துவக்குகளுள் ஒன்று 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோகிராம் நிறையுடையது. பழைய மஸ்கட்டுக்குச் சமமான அந்தப் பாரத்தைக் கையில் வைத்தே சுட்டார். யானையைச் சில அடி தூரத்துக்கு நெருங்கி நெற்றியில் சுடுவதே அன்றைய வழக்கம் என்பதால், குறி பெரிய விடயமாக இருக்கவில்லை. 1859 இல் இலங்கை பற்றிய பெருநூலை வெளியிட்ட எமர்சன் டெனன்ட், யானை வேட்டைக்குத் துணிவும் உடல்வலுவும் எவ்வளவு தேவைப்பட்டாலும், குறி பார்க்கும் திறமை மிகக் குறைவாகவே தேவைப்படுகிறது என்ற கருத்தை வெளிப்படையாகவே எழுதினார்.

அந்தக் காலத்தின் கணக்குகள் நெஞ்சை உறுத்துபவை. 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்று சொல்லப்படும் மேஜர் றோஜர்ஸ், 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். யானைத்தலைக்கு அரசாங்கமே சன்மானம் வழங்கியது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகள் கொல்லப்பட்டதாக டெனன்ட் குறிப்பிடுகிறார். எங்கள் வன்னிக் காடுகளும் அந்த மாகாணத்துக்கு உரியவையே. எத்தனை யானைகள் காயத்தோடு ஓடிக் காட்டுக்குள் இறந்தன என்பதற்குக் கணக்கில்லை. சன்மானம் கொடுத்தவர்கள் கையில் கிடைத்த வால்களைத்தான் எண்ணினார்கள்.

கையில் வைத்துச் சுட்ட வேட்டை இத்தகையது என்றால், தாங்குகால் வைத்துச் சுட்ட வேட்டை மேலானதாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? அதற்கு அமெரிக்காவின் வரலாறு விடை சொல்கிறது.

1870களில் அமெரிக்காவின் பெரும் புல்வெளிகளில் காட்டெருமைகளை வேட்டையாடியவர்கள் தோலுக்காகவே வேட்டையாடினர். காட்டெருமைத் தோலைத் தொழிற்சாலைக்குரிய பதமான தோலாக மாற்றும் முறை 1871 அளவில் கைகூடியதும், அதன் கேள்வி திடீரென உயர்ந்தது. அந்த வேட்டைக்காரர்களிடம் இரண்டு பொருட்கள் இருந்தன. ஒன்று, 5 முதல் 7 கிலோகிராம் வரை நிறையுடைய ஷார்ப்ஸ் துவக்கு. மற்றையது, தோல்வாரினால் குறுக்கே கட்டிய இரண்டு தடிகள். காற்று தங்கள் பக்கம் வீசும் திசையில், 200 அல்லது 300 யார் தூரத்தில் அமர்ந்து, தடிகளை ஊன்றி, குழலை வைத்து, முதலில் மந்தையை வழிநடத்தும் பசுவைச் சுடுவார்கள். நெருங்கி வரும் மனிதனைக் காணாத மந்தை எங்கே ஓடுவதென்று அறியாமல் நின்றுவிடும். பிறகு ஒவ்வொன்றாகச் சுடுவார்கள். ஒரே இடத்தில் அமர்ந்தபடி பல பத்து எருமைகளை வீழ்த்தியவர்கள் உண்டு.

இரண்டு தடிகளும் ஒரு தோல்வாரும் சேர்ந்து செய்த வேலை இது. குறி தவறவில்லை, காயத்தோடு ஓடியவையும் குறைவாக இருந்திருக்கலாம். ஆனால் பல கோடியாக இருந்த இனம் அழிவின் விளிம்புக்கு வந்தது. 1889 இல் வில்லியம் ஹோர்ணடே எடுத்த கணக்கில் எஞ்சியிருந்தவை 1,091 மட்டுமே. இந்த ஹோர்ணடே 1870களின் இறுதியில் இலங்கைக்கும் வந்து மிருகங்களைச் சேகரித்துச் சென்றவர். எருமைகள் அருகிவிட்டதை அறிந்து 1886 இல் அவரே மொன்டானாவுக்குச் சென்று, நூதனசாலையில் வைப்பதற்காக இருபதுக்கும் மேற்பட்ட எருமைகளைச் சுட்டார். பின்னர் எஞ்சியவற்றைக் காப்பதற்காகப் போராடியவர்களுள் அவரும் முன்னணியில் நின்றார். மனிதர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள்.

ஆபிரிக்காவில் இரண்டு தடிகள் மூன்றாகின. அங்கே புல் இடுப்பளவு வளரும். படுத்தோ அமர்ந்தோ சுட்டால் மிருகம் கண்ணுக்குத் தெரியாது. நின்றபடிதான் சுட வேண்டும். ஆகவே ஆளுயரத்துக்கு மூன்று தடிகளை மேற்புறத்தில் றப்பராலோ தோலாலோ பிணைத்து, தடம் பார்ப்பவர் சுமந்து செல்வார். மிருகத்தைக் கண்டதும் அவர் தடிகளை விரித்து வைக்க, வேட்டைக்காரர் அதன் மேல் துவக்கைச் சார்த்துவார். இன்றும் தென்னாபிரிக்காவிலும் நமீபியாவிலும் இது வழக்கத்தில் உள்ளது.

இன்று கடைகளில் விற்கப்படும் வேட்டை முக்காலி இந்தத் தடிகளின் நேரடி வாரிசு அல்ல. அது வந்தது புகைப்படக் கலையிலிருந்து. 1839 இல் டாகரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, ஒரு படம் பதிவதற்குப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. நில அளவையாளரின் முக்காலியைப் போன்ற ஒன்று இல்லாமல் படமே இல்லை. 1882 இல் மாரே என்ற பிரெஞ்சு அறிஞர், பறவைகளின் பறப்பைப் பதிவு செய்யத் துவக்கு வடிவிலேயே ஒரு கமராவை அமைத்தார். ஆங்கிலத்தில் படத்தையும் 'சுடுகிறார்கள்'. நாம் தமிழில் படம் 'பிடிக்கிறோம்'. துவக்கிலிருந்து கமராவுக்குச் சென்ற அந்த உறவு நம் காலத்தில் எதிர்த்திசையில் திரும்பியது. 1990களில் காபன் நாரினால் செய்த கால்கள் புகைப்படக்காரர்களுக்குக் கிடைத்தன. அவர்களுக்கென்று வடிவமைக்கப்பட்ட ஆர்க்கா சுவிஸ் வகைக் கவ்விகளையும் பந்துத் தலைகளையும் பின்னர் துவக்குக்காரர் அப்படியே எடுத்துக்கொண்டனர்.

பெறாமகனுக்கு நான் சொன்ன பதில் இந்த இடத்தில் தொடங்கியது. எங்கள் படப்பிடிப்பாளர்கள் மலிவான முக்காலிகளால் பட்ட பாட்டை நினைவில் வைத்தே சொன்னேன்.

முதலாவது கால்கள். குழாய் தடிப்பாக இருக்க வேண்டும். ஒவ்வொரு காலும் எத்தனை துண்டுகளாக நீள்கிறது என்று பார்க்க வேண்டும். துண்டுகள் கூடக்கூட அடித்துண்டு மெலிந்துகொண்டே போகும். சுருக்கி வைக்க வசதியான ஐந்து துண்டுக் காலைவிட, நீளமாகத் தூக்கித் திரிய வேண்டிய மூன்று துண்டுக் கால் உறுதியானது. ஒவ்வொரு காலும் தனித்தனியே வெவ்வேறு கோணத்தில் விரிய வேண்டும். அப்போதுதான் சரிவான நிலத்திலும், அமர்ந்து சுடும்போதும் பயன்படும். பாதத்தில் மண்ணுக்குக் கூர்முனையும் பாறைக்கு றப்பரும் மாற்றக்கூடியதாக இருப்பது நன்று.

இரண்டாவது, நடுத்தண்டு இல்லாததையே வாங்க வேண்டும். உயரம் போதாதென்று நடுத்தண்டை உயர்த்தினால், முக்காலியின் மேல் மீண்டும் ஒற்றைக் காலை நட்டது போலாகிவிடும். நடுத்தண்டு இல்லாமலே தேவையான உயரத்துக்கு வர வேண்டும்.

மூன்றாவது, பெட்டியில் அச்சிட்டிருக்கும் நிறைக் கணக்கை நம்பக்கூடாது. பத்துக் கிலோகிராம் தாங்கும் என்று எழுதியிருந்தால், அசையாமல் இருக்கும் கமராவுக்கு அது பொருந்தும். தொலைநோக்கி பூட்டிய வேட்டைத் துவக்கு நாலைந்து கிலோகிராம்தான். ஆனால் அது பின்னுதைக்கும். அதன் மேல் மனிதனும் சாய்வான். கடையிலேயே கால்களை முழுதாக நீட்டி, எல்லாப் பூட்டுகளையும் இறுக்கி, மேற்பகுதியைக் கையால் பிடித்து முறுக்கிப் பார்க்க வேண்டும். முறுக்கும்போது இளகுகின்ற முக்காலி காட்டிலும் இளகும். காபன் நார் இலேசானது, அதிர்வையும் விரைவில் அடக்கும், விலை அதிகம். அலுமினியம் கனமானது, விலை குறைவு. வாங்கியது இலேசாக இருந்தால், நடுவிலுள்ள கொளுக்கியில் பையைத் தொங்கவிட்டுப் பாரம் கூட்டலாம்.

நான்காவது தலை. பலர் காலுக்குச் செலவழித்துவிட்டுத் தலையில் மிச்சம் பிடிக்கிறார்கள். பந்துத் தலையில் பந்து பெரிதாக இருந்தால்தான் பிடிமானமும் பெரிதாக இருக்கும். இறுக்கிய பின் துவக்கு முன்புறமாகச் சரிகிறதா என்று பார்க்க வேண்டும். சிறிது சிறிதாக இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும், பக்கவாட்டில் திரும்புவதற்குத் தனிப் பூட்டும் வேண்டும். நீண்ட கைபிடிகள் கொண்ட வீடியோத் தலைகள், நடந்துகொண்டிருக்கும் மானுக்கு மெதுவானவை. துவக்கைப் பிடிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. முன்கட்டையில் பூட்டிய தகட்டை நேரே கவ்வுவது ஒன்று, முன்கட்டையை இரு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் சேணக் கவ்வி மற்றையது. முதலாவது உறுதி கூடியது. இரண்டாவது எந்தத் துவக்குக்கும் பொருந்தும், ஆனால் அளவுக்கு மீறி இறுக்கக்கூடாது. எதுவாயினும் வெறும் குழலைத் தாங்கியின் மேல் வைக்கக்கூடாது. வெடிக்கும்போது குழல் துள்ளி, சன்னம் படும் இடம் மாறிவிடும். குண்டேற்றிய துவக்கை முக்காலியில் பூட்டிவிட்டு விலகிச் செல்வதை நினைக்கவும் கூடாது.

எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டவன், இறுதியில் ஒரு கேள்வி கேட்டான். "அப்ப, நல்ல முக்காலி இருந்தால் 400 மீற்றரிலையும் சுடலாம் என்ன?"

நான் அஞ்சியது அந்தக் கேள்விக்குத்தான். உறுதியான கால் நம்பிக்கையைத் தரும். நம்பிக்கை தூரத்தைக் கூட்டும். அதே ஒரு மில்லிமீற்றர் 400 மீற்றரில் 40 சென்ரிமீற்றர் ஆகிவிடும். அத்தோடு காற்று இருக்கிறது, சன்னம் சென்று சேர்வதற்குள் ஓரடி எடுத்து வைக்கும் மானும் இருக்கிறது. எருமை வேட்டைக்காரரின் தடிகளில் தவறு ஏதும் இல்லை. போதும் என்று எழுந்து போகாததே தவறு.

எங்கள் வன்னியில் கட்டுத்துவக்கு என்று ஒன்றுண்டு. பன்றிக்கும் மரைக்கும் வைப்பது, சட்டவிரோதமானது. மரத்திலோ கட்டையிலோ அசையாமல் கட்டப்பட்டிருக்கும் அந்தத் துவக்கைவிட நிலையான துவக்கு எந்தக் கடையிலும் கிடையாது. கை நடுங்குவதில்லை, மூச்சு அசைப்பதில்லை. ஆனால் அதற்குப் பின்னால் கண் இல்லை. வருவது பன்றியா, யானைக்குட்டியா, விறகு பொறுக்க வந்த பெண்ணா என்று அதற்குத் தெரியாது. கட்டுத்துவக்கில் கால் சிதைந்தவர்களை மருத்துவமனை விறாந்தைகளில் நான் கண்டிருக்கிறேன்.

இலங்கையில் 1937 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு யாலையும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாகின. ஒரு காலத்தில் வெள்ளைக்காரர் வேட்டையாடிய யாலைப் பற்றைகளில், இன்று பெரும்பாலும் கமராக்களே குறி பார்க்கின்றன. அந்த மாற்றம் எனக்கு மகிழ்ச்சி தருகிறது. எனினும் கனடாவின் சட்டம் வேறு, அங்குள்ள மான்தொகை வேறு. அவன் வேட்டையை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "நூறு மீற்றருக்கு நெருங்கிப் போ. போக ஏலாட்டில் சுடாமல் திரும்பி வா. முக்காலி தூரத்தைக் கூட்டிறதுக்கில்லை, பிழையைக் குறைக்கிறதுக்கு" என்றேன்.

சில நொடிகள் பதில் வரவில்லை. பிறகு, மறுநாள் விடியத் திரும்பவும் அந்தக் காட்டுக்குள் போய் மானைத் தேடப்போவதாகச் சொன்னான். முக்காலி வாங்கும் கதையை அதன்பின் அவன் அன்று எடுக்கவில்லை.